மரத்தில் கட்டிய கயிறு

"கூட இருந்தவனே கழுத்தறுத்தா எப்படித் தாங்குறது அம்மே?"

மசணியம்மை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பாறை உச்சிக்குப் பக்கத்துக் குகையில் தனியாக வாழ்கிறவள். கேட்ட பெள்ளனைவிடப் பத்து வயது இளையவள். வாய்ச்சொல் வீரர்களெல்லாம் அவள் முன்னால் வாயடைத்து நின்றதை அவன் பார்த்திருக்கிறான்.

"யார் அறுத்தது?"

"மச்சான். மாரன்."



மலைத்தேன் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் தொங்குகிறவனின் கயிற்றை அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. மச்சான்தான் பிடிக்க வேண்டும். நழுவவிட்டால் தாலியறுப்பது அவனுடைய தங்கை அல்லவா?

மாரன் நழுவக்கூட விடவில்லை. தேனீக்கள் மொய்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான்.

பெள்ளன் பாறையிடுக்கில் முளைத்த ஒரு மரத்தில் விழுந்து பிழைத்தான். இடது கால் கோணிப்போயிற்று.

"அன்னைக்குக் காலையிலகூட என் தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணினான் அம்மே. சிரிச்சுக்கிட்டே பண்ணினான்."

முறம் நின்றது.

"ரெண்டு வருசமா நான் இறங்கல. மழைக்கு இன்னும் நாலே நாள். இந்த வருசமும் முதல் தேனடை எடுக்கலன்னா, எங்க பாறை வேற குடும்பத்துக்குப் போயிடும்."

"அப்ப இறங்கு."

"யார் பிடிக்கிறது? எந்த மனுசன் கையையும் நம்ப முடியல."

"மரத்துல கட்டு."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று பெள்ளன் வியந்துபோனான்.

மறுநாள் காலையில் உச்சிக்குப் போனார்கள். விளிம்பில் ஒரு வேங்கை மரம். மசணியம்மை அதன் அடியைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல மச்சான். கள்ளு வாங்கிக் குடுன்னு கேக்கமாட்டான். தேனீ கொட்டினாலும் ஓடமாட்டான்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெள்ளன் சிரித்தான்.

முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். மறுமுனையை இடுப்பில் கட்டினான். புகைப்பந்தத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். கால்தான் கோணல். கை எதையும் மறக்கவில்லை.

பாதம் வைக்கிற அளவுக்கு ஒரு மேடு. அதில் நின்றான். கீழே அடை, மஞ்சளாக, ஆள் அகலத்துக்கு.

ஒரு முழம் எட்டவில்லை. கயிறு விறைத்து நின்றது.

"தளர்த்து" என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"தளர்த்து மச்சான்" என்று கத்தியவன், நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேலே மசணியம்மையின் தலை தெரிந்தது.

"கூப்பிட்டியா?"

"ஒரு முழம் பத்தல அம்மே."

"மரத்துக்கிட்டச் சொல்லு."

"மரம் எப்படித் தளர்த்தும்?"

முடிச்சுக்கு அப்பால் மிஞ்சியிருந்த கயிற்றை அவள் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். விளிம்பிலிருந்த பாறை வெடிப்பில் குதிகாலை ஊன்றினாள். ஒடிசலான உடம்பு. தலையைச் சுற்றித் தேனீக்கள் வட்டமிட ஆரம்பித்தன. ஒன்று கன்னத்தில் உட்கார்ந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"முடிச்சை அவுக்கட்டுமா?"

பெள்ளன் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க போட்டுட்டு ஓடமாட்டீங்களே?"

"தெரியாது."

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மே."

"நான் இதுவரைக்கும் கொட்டு வாங்கினதில்ல பெள்ளா. வாங்கினா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவள் கை லேசாக நடுங்கியது. அதை அவள் மறைக்கவில்லை.

பெள்ளன் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுருங்க" என்றான்.