அரசி வாங்கிய முத்துமாலை

கேளுங்கள். கொற்கைத் துறையில் கடல் தாண்டி வந்த கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்ற காலத்தில், அந்த ஊரில் சேந்தன் என்றொரு முத்து வணிகன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் பத்திரம் பார்ப்பதில் ஊரையே மிஞ்சியவன். கதவைப் பூட்டுவான். பூட்டியதைத் தள்ளிப் பார்ப்பான். தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து இன்னொரு முறை தள்ளிப் பார்ப்பான்.

ஒரு நாள் மதுரையிலிருந்து பாண்டிய அரசி சொல்லியனுப்பினாள். "மூன்று ஆண்டு கழித்து என் மகளுக்குத் திருமணம். நானே நேரில் வந்து முத்துமாலை வாங்குவேன். நல்லதாகச் சேர்த்து வை."

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பொருள் முழுவதையும் போட்டு, அந்த ஆண்டு குளித்தெடுத்த முத்துகளில் முதல் தரமானவற்றை வாங்கினான். சல்லடையில் சலித்து, ஒரே அளவாகப் பொறுக்கி, மூன்று மாலை கோத்தான். மூன்றும் ஒரே கடல், ஒரே நிறம், ஒரே உருட்சி. அரசி ஒன்றை வாங்கினாலும் போதும், போட்டதெல்லாம் வந்துவிடும். ஒன்றுமே வாங்காமல் போனால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

முதல் மாலையைப் பட்டில் சுற்றி, இரும்புப் பெட்டியில் கற்பூரத்தோடு வைத்துப் பூட்டினான். இரண்டாவதைச் சந்தனப் பேழையில் வைத்து, வெள்ளிதோறும் வாசனைத் தைலம் தடவிக் கொஞ்சினான். மூன்றாவதற்குப் பெட்டி இல்லை. மனைவி வெண்ணியிடம் கொடுத்து, "உயிரைப் போலப் பார்த்துக்கொள்" என்றான்.

முதல் ஆண்டு முடிவில், "வெண்ணி, மாலை பத்திரமா?" என்று கேட்டான். "பத்திரம்தான்" என்றாள். இரண்டாம் ஆண்டும் கேட்டான். "பத்திரம்தான்" என்றாள். மூன்றாம் ஆண்டும் கேட்டான். "எத்தனை தடவைதான் கேப்பீங்க? பத்திரம்தான்" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

அரசி வந்தாள். முத்து பார்க்க உச்சி வெயில் ஆகாது, விளக்கொளியும் ஆகாது. காலை வெளிச்சத்தில், வடக்குச் சாளரத்தின் அடியில், கருநீலத் துணியை விரித்து அதன்மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். அப்படியே துணி விரித்தாயிற்று. அரசியும் அவள் தோழியும் உட்கார்ந்தாயிற்று.

சேந்தன் பெருமையோடு இரும்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே முத்துகள் காய்ந்து மஞ்சள் பாய்ந்து பழைய பல் மாதிரிக் கிடந்தன. பதறிப்போய்ச் சந்தனப் பேழையைத் திறந்தான். தைலம் ஊறிய முத்துகள் மங்கிப் பிசுபிசுத்தன. அரசி இரண்டையும் ஒற்றை விரலால் நகர்த்தி வைத்தாள். "இதற்காகவா மதுரையிலிருந்து வந்தோம்?" என்று தோழி காதுபடவே முணுமுணுத்தாள்.

சேந்தன் உள்ளே ஓடினான். "வெண்ணி! மூன்றாவது மாலை எங்கே?"

வெண்ணி கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அங்கே, வீட்டில் வேலை செய்யும் பூதி என்ற பெண் உலக்கையால் நெல் குத்திக்கொண்டிருந்தாள். "அவ கழுத்துல இருக்கு."

"கழுத்திலா!" என்றான் சேந்தன்.

"முத்து ஓர் உயிரோட உடம்புல வளந்தது. அதுக்கு மேனிச் சூடு வேணும், வேர்வை ஈரம் வேணும்னு எங்கப்பா சொல்வார். அவர் கடல்ல மூழ்கி எடுத்தவர். நீங்க கரையில நின்னு வாங்கினவர். எனக்கு வேர்க்குரு தாங்கல, அதான் பூதிகிட்டக் கொடுத்தேன். அதுக்காக மாசம் ரெண்டு படி நெல்லு கூடுதலா அளந்திருக்கேன்."

"திருடன் கண்ணில் பட்டிருந்தால்?"

"நெல்லு குத்துறவ கழுத்துல நல்முத்து கிடக்கும்னு எந்தத் திருடன் நினைப்பான்? பார்த்தவங்க எல்லாம், நீங்களும்தான், சங்குமணின்னு நினைச்சுக்கிட்டாங்க."

பூதி மாலையைக் கழற்றினாள். வெண்ணி ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். சேந்தன் அதை வாங்கிக்கொண்டு அரசியிடம் ஓட, இருவரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்கள். கருநீலத் துணியில் வைத்ததும் முத்துகள் அப்போதுதான் சிப்பியை விட்டு வந்தவை போல ஒளிர்ந்தன. அரசியின் முகம் மலர்ந்தது.

"இதுதான் என் மகளுக்கு. சேந்தா, இதை எந்தப் பெட்டியில் வைத்திருந்தாய்? அதையும் சேர்த்துக் கொடு. அவளும் அதிலேயே வைத்துக்கொள்ளட்டும்."

சேந்தனின் கண் சந்தனப் பேழை மேல் போயிற்று. "இதோ" என்று ஒரு சொல் சொன்னால் மாலைக்கும் விலை, பேழைக்கும் விலை. உண்மையைச் சொன்னால், நெல் குத்துகிறவள் கழுத்தில் கிடந்ததை மணமகளுக்கு யார் வாங்குவார்? வீடு கையை விட்டுப் போய்விடும். ஆனால் பேழைக்குள் போனால் இந்த ஒளியும் செத்துவிடுமே! என்ன இருந்தாலும் முத்துக்காரன் மனசு அல்லவா? ஏற்கெனவே இரண்டைக் கொன்றவனுக்கு மூன்றாவதையும் கொல்ல மனம் வரவில்லை.

"தாயே, பெட்டியே கிடையாது. மூன்று ஆண்டும் இது இந்தப் பூதியின் கழுத்தில் கிடந்தது. எனக்கே இப்போதுதான் தெரியும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாங்கினால் மட்டும், தயவு செய்து பூட்டி வைக்காதீர்கள்."

தோழி முகம் சுளித்தாள். அரசி கையமர்த்திவிட்டுப் பூதியைப் பார்த்தாள். "நெல் குத்தும்போதும் கழற்றவில்லையா?"

"இல்லீங்க தாயே. தூங்கும்போதும் கிடக்கும். சில நாள் இருக்கிறதே மறந்துபோயிடும்."

அரசி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "என் கருவூலத்தில் பன்னிரண்டு பெட்டி முத்து இருக்கிறது. திறந்து பத்து ஆண்டு ஆயிற்று. அடடா, என்ன ஆகியிருக்கும்!"

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். மகளிடம் சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். பூதிக்குத் தன் கைவளை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். பல்லக்குத் தூக்குகிறவர்களை அவசரப்படுத்திக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டாள்.

சேந்தனின் வீடு பிழைத்தது. மங்கிப்போன மாலைகளில் ஒன்றைப் பூதிக்கே கொடுத்தான். இன்னொன்றைத் தானே அணிந்துகொண்டு கடைக்குப் போனான். விற்க முடியாததைத்தானே கொடுத்தான் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான், போன ஒளி முழுதும் திரும்பவில்லை. ஆனாலும் அன்று அவன் கதவை ஒரே முறைதான் தள்ளிப் பார்த்தான், மனம் நிறைந்து நடந்தான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எந்த நல்ல பொருளையும் பயன்படுத்தித்தான் காக்க முடியும்.