ஏக்கருக்குப் பன்னிரண்டு அட்டை

கீழக்கொம்பூரில் விவரம் போதாதவர்கள் யார் என்று கேட்டால், கைக்குழந்தைகூட எங்கள் ஒரு ஏக்கர் வெண்டைக்காட்டுப் பக்கம் கையை நீட்டும். அங்கே சடையாண்டி, தவசி, நான் என்று மூன்று பேர் இருப்போம். மூவரில் படித்தவன் சடையாண்டி. மூன்றாம் வகுப்பு, நாலு வருசம்.

போன வருசம் இலையெல்லாம் மஞ்சளோடி, ஒரு காய்கூட வீடு வந்து சேரவில்லை. இந்த வருசமும் அப்படியானால் காட்டில் மாட்டை விட்டுவிட்டு எங்களைச் செங்கல் சூளைக்கு அனுப்புவதாக மூன்று வீட்டுப் பெண்களும் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய்த் தோட்டக்கலை மேடத்துக்குப் போன் போட்டோம்.

"அது வெள்ளை ஈ பரப்புற நோய். நோய்ச்செடியில உறிஞ்சிட்டு நல்ல செடிக்குப் போகும். அதோட கவனத்தைத் திருப்பணும். மஞ்சள்னா அதுக்கு உசிரு. ஏக்கருக்குப் பன்னிரண்டு மஞ்சள் அட்டை, விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்க. நாளை மறுநாள் வர்றேன்."

போனை வைத்ததும் தவசி கவலைப்பட்டான். "கம்மாயில கறுப்பு அட்டைதானே கிடக்கு? மஞ்சளுக்கு எங்க போறது?"

"மஞ்சளை அரைச்சுப் பூசு" என்றான் சடையாண்டி. படித்தவன் படித்தவன்தான்.

கம்மாயில் இறங்கினோம். பத்து அட்டை டப்பாவுக்குள் வந்தன. ஒன்று என் கெண்டைக்காலிலும் ஒன்று தவசியின் தொடையிலும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"பத்துதானே இருக்கு?" என்றேன்.

"பன்னிரண்டு. நீங்க ரெண்டு பேரும் காட்டுக்குள்ள நின்னா சரியாப் போச்சு" என்றான் சடையாண்டி.

"கட்டணும்னாங்களே?"

கட்டினான். எங்களை ஆளுக்கொரு கம்பில். பத்து அட்டைகளை நூலில். எண்ணெய் பூசிய அட்டை நூலில் நிற்குமா? வழுக்கிக்கொண்டு வாய்க்காலோடு போயின. எங்கள் கால் அட்டைகளும் வயிறு நிறைந்ததும் கழன்று விழுந்தன.

சடையாண்டி கலங்கிவிட்டான். வெகுநேரம் யோசித்து, "அது குடிச்சது உங்க ரத்தம்தானே? அப்ப நீங்களும் பாதி அட்டை" என்றான்.

எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. உச்சி முதல் பாதம்வரை மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசிவிட்டான்.

சொன்ன நாளில் மேடம் வந்தார். தலையில் கைவைத்தார். "ஐயோ, ரத்தம் குடிக்கிற அட்டை இல்லைங்க! காகித அட்டை!"

மேடம் என் முதுகை உற்றுப் பார்த்தார். வெள்ளை ஈ அப்பிக் கிடந்தது.

"ஆனா... நல்லாத்தான் ஒட்டியிருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அது போதாதா எங்களுக்கு? அவர் கொடுத்த காகித அட்டைகளை, மழையில் நனைந்து கெட்டுவிடக் கூடாதென்று பெட்டிக்குள் பூட்டி வைத்தோம்.

கிளம்பும்போது, "அட்டை செடிக்கு மேல ஒரு சாண் உயரத்துல இருக்கணும். செடி வளர வளர ஏத்திக்கிட்டே போங்க" என்றார்.

இந்த வருசம் காய்ப்புக்குக் குறைவில்லை. வெண்டை எங்கள் கழுத்தைத் தொட்டுவிட்டது. நேற்று நானும் தவசியும் ஸ்டூலில் ஏறினோம். தவசி கொஞ்சம் குள்ளம். அவனுக்கு மட்டும் இரண்டு ஸ்டூல்.