சாயாத வண்டி

மலையடிவாரத்தில் ஒரு பட்டறை இருந்தது. காருக்கு அடியில் இருப்பதை மட்டும் பார்க்கிற பட்டறை. இன்ஜின் கோளாறு என்று யாராவது வந்தால் எதிர்க்கடையைக் கை காட்டிவிடுவார்கள்.

குருவின் பெயர் தமயந்தி. முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடன் பொன்னுரங்கம் நாற்பதைத் தாண்டியவன். மலைக்கு டாக்சி ஓட்டியே பாதி முடி நரைத்துப்போனவன். டாக்சியை விற்றுவிட்டு இங்கே வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தான்.

குரு சீடனை அண்ணா என்பாள். சீடன் குருவை அம்மிணி என்பான். அவர்களுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வரும்.

ஒருநாள் சீடன் கேட்டான்.

"அம்மிணி, என் வண்டிய எவ்வளவு தாழ்வா இறக்கலாம்?"

"யார் உட்காருவாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப உங்க இஷ்டங்ணா."

அவ்வளவுதான் பதில். குரு போல்ட் முறுக்கும் பானாவை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

சீடனுக்கு எரிச்சல் வந்தது. யாருக்கும் வரும்.

அவன் வண்டி ஒரு சின்ன சிவப்புக் கார். வேறொருவர் ஓட்டி விற்றது. நிற்கும்போதே பாயப்போகிற மாதிரி இருக்கும். டாக்சி விற்ற கையோடு ஆசைப்பட்டு வாங்கினான். தினமும் அதில்தான் தன் மனைவி குமுதவல்லியை மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவான். அவள் அங்கே நர்ஸ்.

அந்தக் கேள்விக்குச் சில வாரம் முன்பு, ஒரு மழை நாளில், ஒரு கொண்டை ஊசி வளைவில், வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே வழுக்கியது. தடுப்புச் சுவரில் இடித்துக் கண்ணாடி மட்டும் உடைந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி.

குமுதவல்லி கத்தவில்லை. இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து பஸ்தான். உட்கார இடம் கிடைக்காது. வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போவாள். ஆஸ்பத்திரியிலும் நாள் முழுக்க நிற்கிற வேலை.

"ஏனுங்க, உங்க வண்டி அழகாத்தான் இருக்குது. நீங்களே அதைப் பார்த்துக்கிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் சீடன் ஒரு முடிவுக்கு வந்தான். வண்டி சாயவே கூடாது. சாயாவிட்டால் அவள் ஏறுவாள். குட்டையான ஸ்பிரிங் போட்டால் வண்டி தரையோடு ஒட்டும். ஒட்டினால் சாயாது. கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் பட்டது.

கடையில் இருந்ததிலேயே குட்டையானதை, கட்டியானதை எடுத்து, தானே மாட்டினான். குரு தடுக்கவில்லை. மாட்டி முடித்ததும் வந்து பார்த்தாள். டயருக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையவில்லை.

"எப்படி அம்மிணி?"

"அழகா இருக்குங்ணா."

பிறகு ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை நான்கை எடுத்தாள். குனிந்து, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் ஒவ்வொன்றின் தண்டிலும் ஒன்றைச் சுற்றிக் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"சும்மா. மேல போயிட்டு வாங்க."

சீடன் மலை ஏறினான். முதல் வளைவில் வண்டி சாயவில்லை. இரண்டாவதிலும் சாயவில்லை. தனியாகவே சிரித்தான். தார் பெயர்ந்த ஒரு வளைவு வந்தது. அங்கேயும் சாயவில்லை. ஆனால் துள்ளியது. துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தது. அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான், வண்டி அதைக் கேட்கவில்லை. எதிரே ஏதாவது வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எதுவும் வரவில்லை.

மெதுவாகத் திரும்பி வந்தான்.

"எப்படிங்ணா?"

"சாயல."

"சரி. பயந்தீங்களா?"

சீடன் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனான். குடித்துவிட்டு வந்தான்.

"பயந்தேன்."

குரு அவனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் காட்டினாள். கட்டியபோது தண்டின் கீழே இருந்த பட்டைகள் நான்கும் மேலே ஏறி, தடுப்பு ரப்பரில் இடித்து நசுங்கிக் கிடந்தன.

"தண்டு எவ்வளவு தூரம் உள்ள போச்சுன்னு இது காட்டும். முழுசாப் போயிருக்குது. அதுக்கு மேல போக இடமில்ல. நீங்க ஸ்பிரிங் மேல ஓட்டலீங்ணா. ரப்பர் மேல ஓட்டியிருக்கீங்க."

"அப்ப இன்னும் கட்டியான ஸ்பிரிங் போட்டுரலாமா?"

அவசரக்காரன். கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

குரு திட்டவில்லை. தன் காரின் சாவியை எடுத்தாள்.

அவளுடையது வெள்ளைக் கார். அதுவும் இறக்கிய வண்டிதான். சொன்னால்தான் தெரியும், அவ்வளவு கொஞ்சம். தார் பெயர்ந்த அதே வளைவில் சீடனை இறக்கிவிட்டாள்.

"இங்க நில்லுங்க. வண்டியப் பார்க்காதீங்க. சக்கரத்தை மட்டும் பாருங்க."

"எத்தனை வருசமா ஓட்டுறேன் அம்மிணி, சக்கரத்தைப் பார்த்ததில்லையா?"

"உள்ள உக்காந்துதானே ஓட்டினீங்க?"

மேலே போய்த் திரும்பி இறங்கினாள். அவன் நினைத்ததைவிட வேகமாக வந்தாள்.

சீடன் சக்கரத்தைப் பார்த்தான்.

சக்கரம் பைத்தியம் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டது. குழியில் விழுந்தது, எழுந்தது, கல்லில் ஏறியது, ஏறிய வேகத்தில் திரும்பத் தார் தேடி இறங்கியது. ஒரு நொடிகூடத் தரையை விடவில்லை. கண்ணால் தொடர முடியாத வேகத்தில் அது தரையைத் தடவித் தடவிப் போனது. சகதி தெறித்தது. அதற்கு இரண்டு முழம் மேலே, வண்டியின் கூரை கோடு கிழித்தது போல நேராகப் போனது. ஜன்னலில் குருவின் தலை ஆடவே இல்லை. கொட்டாவி விடப்போகிற முகம்.

சீடன் கை தானாக நெஞ்சுக்கு வந்தது.

"இன்னொரு தடவ!" என்று கத்தினான்.

திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை அவன் வண்டியையும் பார்த்தான். வண்டி சாய்ந்தது. தெளிவாகச் சாய்ந்தது. ஆனால் ஒரே சாய்வு. போய் ஓரிடத்தில் நின்றது. வளைவு முடிய முடிய மெல்ல எழுந்தது, திண்டில் சாய்ந்த ஆள் நிதானமாக எழுந்து உட்காருகிற மாதிரி. தடுப்புச் சுவரில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குரு வண்டியை நிறுத்தினாள். சீடன் சுவரில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மிணி, இந்த மலைய எனக்குப் பூராவும் தெரியும்னு நினைச்சிருந்தேன். எந்த வளைவுல எந்தக் குழின்னு கண்ண மூடிச் சொல்வேன். அடியில இப்படி ஒண்ணு நடந்துக்கிட்டே இருந்துச்சா? இத்தனை வருசமும்?"

"நடந்துச்சுங்ணா."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"தெரியாம இருக்கத்தானே அது அடிச்சுக்குது."

இறங்கும் வழி முழுக்க அவன் எதிரே வருகிற வண்டிகளின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பட்டறையில் குரு இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் கொடுத்தாள். ஒன்று அவன் வண்டியிலிருந்து கழற்றிய பழையது. அமுக்கினான். தண்டு சளக்கென்று உள்ளே போனது. விட்டான். அங்கேயே கிடந்தது. இன்னொன்று புதியது. அமுக்க அமுக்க எதிர்த்தது. விட்டதும் அவசரப்படாமல், தன் வேகத்தில், திரும்பி வந்தது. அவன் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான். பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி.

ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும், வண்டி இறங்கினால் ஊரே பார்க்கும். இது உள்ளே இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் எல்லோரும் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவார்கள். அவனும் அதைத்தான் செய்திருந்தான்.

இந்த முறை சீடன் ஸ்பிரிங் அலமாரி முன்னால் வெகு நேரம் நின்றான். குட்டையானதைத் தொட்டான், வைத்தான். கொஞ்சமே இறக்குகிற ஒன்றை எடுத்தான். அதற்கு ஈடுகொடுக்கிற ஷாக் நான்கு எடுத்தான். குரு வேறு வேலையாக இருந்தாள். அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி எல்லாம் மாட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கப் போனான்.

"சக்கரத்தைத் தாங்குற கீழ்க்கையோட போல்ட்ட இப்ப முறுக்காதீங்ணா. கையால திருகினதோட விடுங்க."

"ஏன் அம்மிணி?"

"சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்குது. அந்தக் கைக்குள்ள ரப்பர் புஷ் இருக்குது. தொங்கும்போது முறுக்கினா, அதுக்குத் தொங்குறதுதான் இயல்புன்னு ஆயிரும். தரையில நின்னதும் முறுகிக்கிட்டே கிடக்கும். சீக்கிரம் கிழிஞ்சுரும்."

வண்டியை இறக்கி, தள்ளிக்கொண்டு போய், ஆள் இறங்கி அடியில் வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்தார்கள். சீடன் பானாவோடு பள்ளத்தில் இறங்கினான்.

"இப்ப முறுக்கலாமா?"

"யார் உட்காருவாங்க?"

அதே கேள்வி. சீடன் பானாவைக் கீழே வைத்தான்.

"ரெண்டு பேரு" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப ரெண்டாவது ஆளு எங்கீங்ணா?"

"அவ ஏறமாட்டா அம்மிணி. சத்தியம் பண்ணாத குறை."

"ஓட்டச் சொல்லலியே. நிக்கிற வண்டில உக்காரணும். நான் முறுக்கமாட்டேன், நீங்களும் முறுக்கக்கூடாது."

சீடன் பள்ளத்திலிருந்து ஏறினான். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். குமுதவல்லி அங்கே டூட்டிக்குப் போக நின்றுகொண்டிருந்தாள். அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பஸ் வந்தது, போனது. அதில் அவள் ஏறவில்லை.

இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.

"நிக்கிற வண்டிதானே?" என்று குமுதவல்லி குருவிடம் கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"நிக்கிற வரைக்கும் உக்காருவேன். இவரு சாவியத் தொட்டா எறங்கிருவேன்."

"சாவி என்கிட்ட இருக்குதுங்க்கா."

"அதைச் சொல்லு முதல்ல."

ஓட்டுகிற சீட்டில் குரு உட்கார்ந்தாள், சீடனின் எடைக்குத் தன் எடை குறைவதை ஈடுகட்ட ஒரு சக்கர டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. குமுதவல்லி சேலையை ஒதுக்கி, பையை மடியில் வைத்து, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

சீடன் கீழே பள்ளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உட்கார்ந்ததும் தலைக்கு மேலே வண்டி இறங்கியது. ஒரு விரல் அளவு இருக்கும். ஸ்பிரிங் சுருண்டது, ஷாக் தண்டு சத்தமே இல்லாமல் உள்ளே போய் நின்றது. அவள் பையை நகர்த்தினாள், அதற்கும் அசைந்தது. அவள் மூச்சு விடுவதுகூடக் கீழே தெரிகிறதோ என்று அவனுக்குத் தோன்றியது. தெரிந்திருக்காது. ஆனாலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"தெரியுதாங்ணா?" மேலிருந்து குருவின் குரல்.

"தெரியுது அம்மிணி."

"நீங்க கேட்ட இறக்கம் அவ்வளவுதான். முறுக்குங்க."

முறுக்கினான். ஒவ்வொரு போல்ட்டாக, இறுக்கம் போதும் என்று பானா டிக் அடிக்கும்வரை. கடைசி டிக் பட்டறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, முடிஞ்சுதா? நான் எறங்கலாமா?" என்று குமுதவல்லி கேட்டாள்.

குரு கதவைத் திறந்து இறங்கினாள். சாவியைச் சீட்டில் வைத்தாள். பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, குமுதவல்லி காதிலும் விழும்படி சீடனிடம் சொன்னாள்.

"அவங்க உக்காந்து நேரா நிக்கிற வண்டிங்ணா இது. இனி அவங்க எறங்கினாத்தான் சாயும்."

சீடன் பானாவைப் பிடித்தபடி பள்ளத்திலேயே நின்றான். வெகு நேரம் கழித்து, மேலே டக் என்று சீட் பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது.