நாலு பேர் தைத்த தொட்டில் போர்வை

முதலில் கேட்டது சத்தம்தான். திடுதிடுவென்று தெருக்கோடியில் கிளம்பி, வீட்டைத் தாண்டி, பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பி வந்தது. நடுநடுவே, "ஐயோ, குத்திடுச்சு!" என்று ஓர் அலறல்.

வலக்கையில் மாவுக்கட்டோடு அடுப்படியில் நின்ற செண்பகவடிவு, யார் வீட்டு மாடோ அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்றுதான் நினைத்தாள். மாடு குத்தும், குத்திடுச்சு என்று கத்தாது. அதனால் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

நாலு ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய ஒட்டுத்துணிப் போர்வையை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்திருந்தார்கள். மற்றக் கையில் ஊசி.

"டேய், நில்லுங்கடா! என்னடா பண்றீங்க?"

"நிக்கக் கூடாதுக்கா," என்று மூச்சிரைக்கச் சொன்னார் முன்னால் ஓடிய பஞ்சாட்சரம். "ஓட்டத் தையல் போடவும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க. மூணு தெரு ஓடியாச்சு. நாலு அங்குலம் தேறியிருக்கு."

செண்பகவடிவு இடக்கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

கத்தரிப்பாளையத்தில் எல்லோருக்கும் அவளுடைய கைவேலை தெரியும். முடிந்த கைவேலையை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கையோடு ஒரு ஸ்வெட்டர் இருந்தது. அந்த ஊரில் மார்கழியிலும் விசிறி போடுவார்கள் என்பது வேறு விஷயம். தலை மட்டும் பாக்கியாக ஓர் எம்பிராய்டரி மயில் இருந்தது. டிவிக்குக் குரோஷாவில் உறை பின்ன ஆரம்பித்தாள். அது பாதி வருவதற்குள் டிவி இளைத்துச் சுவரில் ஏறிவிட்டது. எதையும் அவள் கைவிட்டதில்லை. எல்லாம் நடந்துகொண்டே இருந்தன. ஒன்றை முடித்துவிட்டால் அப்புறம் அதை என்ன செய்வது என்ற பயம் சில பேருக்கு உண்டு.

இந்தப் போர்வையை மட்டும் முடித்தே ஆகவேண்டியிருந்தது. தம்பி சேதுராமனுக்குப் பெண் பிறந்திருந்தது. அவர்கள் குடும்பத்தில், தொட்டிலில் எந்த அத்தையின் துணி விரிக்கப்படுகிறதோ, அந்த அத்தைதான் குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். அத்தைகள் இரண்டு பேர். செண்பகவடிவுக்கு, செத்துப்போன அம்மாவின் பெயரான பட்டம்மாள் என்று வைக்க ஆசை. தங்கை பிரேமா, த்ரிஷ்விகா என்று முடிவு செய்து, கரடி படம் போட்ட கம்பளியைக் கடையில் வாங்கியும் வைத்துவிட்டாள்.

"நீ தச்சு முடிக்கிறதுக்குள்ள, அந்தப் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்துடும்க்கா," என்று போனிலேயே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தாங்காமல் செண்பகவடிவு ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். முடியாத வேலைகள் அடைத்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள். பெட்டியும் வந்தது, அவளும் வந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தொட்டில் போட இன்னும் எட்டு நாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். சும்மா இருந்தது ஊர் முன்னேற்ற மன்றம் ஒன்றுதான். பதினொரு வருஷமாகச் சும்மா இருக்கிறது.

மன்றத்துக்குத் தலைவர் பஞ்சாட்சரம். செயலாளர் கோதண்டம். பொருளாளர் அமாவாசை. மாசிலாமணிக்குப் பதவி இல்லை. யார் எதைச் சொன்னாலும் "வழிமொழிகிறேன்" என்பார். அவர்களாகவே வந்து உதவுகிறோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் அவள் இடக்கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டின் முதல் வரிதான் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்துகொண்டே ஓடலாம் என்று அவர்களுக்குப் புரியவைக்க ஒரு நாள் ஆயிற்று. அடுத்த வரி, 'ஓரத்துக்குச் சங்கிலித் தையல்.'

"எந்தச் சங்கிலி?" என்று கேட்டார் கோதண்டம். "தங்கமா, இரும்பா? போடலையே."

"குழந்தைக்குப் போடறது. தங்கமாத்தான் இருக்கும்," என்றார் தலைவர்.

"வழிமொழிகிறேன்."

கோதண்டம் சங்கிலி கேட்டு மனைவியிடம் போனார். சங்கிலியும் இல்லாமல், மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் திரும்பி வந்தார். அதன் பிறகு இரும்பே போதும் என்று தீர்மானம் நிறைவேறியது. அமாவாசை தன் எருமையின் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து போர்வையைச் சுற்றி வைத்தார். எருமை அன்று சாயங்காலம்வரை பக்கத்து ஊரில் இருந்தது. செண்பகவடிவு இடக்கையால் நூலைக் கோணலும் மாணலுமாக வளைத்துக் காட்டினாள்.

"இது சங்கிலி மாதிரி இருக்கே!" என்றார் பஞ்சாட்சரம் அதிசயமாக. "முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

மூன்றாவது வரி, 'நடுவில் மீன்முள் தையல்.' இதற்கு அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு கிலோ வாளை மீன் வாங்கி, குழம்பு வைத்து, தின்று, முள்ளை மட்டும் கழுவி எடுத்துவைத்தார்கள். பிறகு மன்றம் கூடியது.

"தலைவரே, ஊசியா முள்ளு சரியா இருக்கு. நூல் கோக்கத்தான் காது இல்லை."

"வேற முள்ளைப் பாருய்யா."

"எல்லாத்தையும் பார்த்துட்டேன். ஒண்ணுக்குமே காது இல்லை."

பஞ்சாட்சரம் கண்ணை மூடி யோசித்தார். "மீனுக்குக் காது உண்டா?"

மூவரும் யோசித்தார்கள். "பார்த்ததா ஞாபகம் இல்லீங்க."

"மீனுக்கே காது இல்லை, அதோட முள்ளுக்கு எங்கேருந்து வரும்? தப்பு நம்ம மேல. காது இருக்கிற ஜந்துவா பார்த்து வாங்கியிருக்கணும்."

"ஆடு?" என்றார் அமாவாசை ஆவலாக.

"வழிமொழிகிறேன்," என்றார் மாசிலாமணி. அவர் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக எதையும் வழிமொழிந்ததில்லை.

ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செண்பகவடிவு வந்துவிட்டாள். ஏழு பூனைகள் போர்வையின் மேல் உட்கார்ந்திருந்தன. அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா பேரு என்னோட போயிடும்டா," என்றாள். "எதைத் தொட்டாலும் முடிக்கத் துப்பில்லாதவன்னு ஊரே சொல்லுது. இந்த ஒண்ணையாவது முடிச்சுப் பார்க்கலாம்னு நெனச்சேன்."

நாலு பேருக்கும் கண் கலங்கியது. பஞ்சாட்சரம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து வேண்டாம்க்கா. நீங்க வாயால சொல்லுங்க. சொன்னதை மட்டும் செய்யறோம். ஒரு நூல் பிசகாது."

அவள் பூனைகளை விரட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு பேரும் நாலு மூலையில உக்காருங்க. போர்வையை மடியில போட்டுக்கோங்க. மேல்துணி, நடுத்துணி, அடித்துணின்னு இருக்கும். மேலால மட்டும் தச்சுட்டு ஏமாத்தாதீங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கிற துணிவரைக்கும் ஊசி இறங்கணும். நெருக்கமா, பலமா. மீன்முள்ளுன்னா முள்ளு மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ச்சுப் போடற தையல், அவ்வளவுதான்."

அப்புறம் நடந்தது ஆச்சரியம். நாலு நாள் ஒருவரும் இடத்தைவிட்டு எழவில்லை; சாப்பாடும் தூக்கமும் அங்கேயே. ஊசி இறங்கியது, ஏறியது. அமாவாசை மட்டும் ஒருமுறை, துணிக்கும் அடியில் தொடை இருக்கிறது என்று கத்தி, எல்லோரையும் எச்சரித்தார். தொட்டில் போடும் நாள் காலையில் கடைசி முடிச்சும் விழுந்தது.

செண்பகவடிவு தடவிப் பார்த்தாள். சங்கிலி ஓரம், மீன்முள் நடு, வரிவரியாக ஓட்டம். மீன் வாசனைகூட அவ்வளவாக இல்லை. முடிந்த ஒரு சாமான் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவள் பார்த்தாள்.

"எந்திரிங்கடா, என் ராசாக்களா! பத்தரைக்குத் தொட்டில்."

எழுந்தார்கள். போர்வையும் எழுந்தது. நாலு மூலையும் நாலு வேட்டியோடு சேர்ந்து எழுந்தன.

"எல்லாத்துக்கும் அடியில இருந்தது வேட்டிதான்க்கா," என்றார் பஞ்சாட்சரம் பெருமையாக. "ஒரு இடம் விடலை."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். மணியைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "முடிச்சது முடிச்சதாவே இருக்கட்டும். நடங்க."

சேதுராமன் வாசலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தான். போர்வை பக்கவாட்டில் திரும்பி, படி ஏறி, உள்ளே போவதைப் பார்த்தான். பிழிந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

"என்னக்கா இது, போர்வையா, ஊர்வலமா?" என்றாள் பிரேமா. அவளுடைய கரடிக் கம்பளி ஏற்கனவே தொட்டிலில் இருந்தது. குழந்தையும் அதன் மேல் இருந்தது. வெளியே நூறு டிகிரி வெயில். குழந்தை கத்திய கத்தலில் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"கம்பளியை எடுடி, புள்ளை வெந்துடும்," என்று யாரோ சொன்னார்கள். கம்பளி போனது, போர்வை விரிந்தது. தொட்டிலைச் சுற்றி நாலு பேரும் காவலுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். பழைய பருத்தித் துணி பட்டதும் குழந்தை ஒரு விம்மலோடு அடங்கியது.

செண்பகவடிவு குனிந்தாள். "பட்டம்மா... பட்டம்மா... பட்டம்மா," என்று காதில் சொன்னாள்.

"வழிமொழிகிறேன்," என்றார் தலைமாட்டில் நின்ற மாசிலாமணி.

பிரேமா முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினாள். தொட்டில் முன்னால் போனது. நாலு பேரும் முன்னால் போனார்கள். தொட்டில் பின்னால் வந்தது. நாலு பேரும் பின்னால் வந்தார்கள். குழந்தை முதல்முறையாகச் சிரித்தது.

இருபது ஆட்டம் ஆனதும் அமாவாசை மெல்லக் கேட்டார்: "தலைவரே, வேட்டியை அவிழ்த்துட்டா நாம வெளிய வந்துடலாமில்ல?"

"நாலு பேரும், பொம்பளைங்க இருக்கிற சபையிலயா?"

"அப்ப தையலைப் பிரிச்சுடலாம்."

"எவனாவது ஒரு இழையைத் தொட்டான், கையை முறிச்சுடுவேன்," என்றாள் செண்பகவடிவு. "என் ஆயுசுல நான் முடிச்ச ஒரே சாமான்."

அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் தன் காரியத்தை முடித்தாள். போர்வை நனைந்தது. வேட்டிகளும் நனைந்தன.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, போர்வையை அலசிக் காயப்போடச் சொன்னார்கள். சேதுராமன் போர்வையைக் கொல்லைக் குழாயடிக்கு அழைத்துப்போனான். நாலு பேரையும் சேர்த்து ஒரு அலசு அலசினான். பிறகு கொடியில் போட்டான். இரண்டு பேர் கொடிக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம்.

"தம்பி," என்றார் பஞ்சாட்சரம், முகத்தில் தண்ணீர் வழிய. "காத்து வேற அடிக்குது. பறந்து கிறந்து போயிடப் போறோம்."

சேதுராமனுக்கு அது நியாயமாகப் பட்டது. நாலு பேர் தோளிலும் ஆளுக்கு இரண்டு கிளிப் போட்டான். பிறகு வாளியிலிருந்து அடுத்த குழந்தைத் துணியை எடுத்து, உதறி, கோதண்டத்துக்கும் மாசிலாமணிக்கும் நடுவே விரித்தான்.