சாட்சி சொன்ன ஈயச் செம்பு

முன்னொரு காலத்தில், எதிரிப் படையைக் கண்டு இமைகூட அசைக்காத ராஜா ஒருவர், பக்கத்து நாட்டு ரசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தூக்கம் கெட்டுப்போனார். அவர் பெயர் அதிவீரகண்டன். கடலோரத்தில் வளமான நாடு, கேட்டதைக் கொடுக்கும் குடிகள், அளவுக்கு மீறிய ரோஷம், இவை மூன்றும் அவருக்கு இருந்தன. நாட்டைக் கெடுக்க ரோஷம் ஒன்றே போதும் என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். பக்கத்து நாட்டுக்குப் போய்வந்த தூதன் ஒருவன், “அங்கே விருந்தில் இலைக்கு ஒரு ஈயச் செம்பு வைக்கிறார்கள், மகாராஜா. அடுப்பிலிருந்து இறக்கிய ரசம் நுரையோடு அப்படியே இலைக்கு வருகிறது” என்று வாயூறச் சொல்லிவிட்டான்.

ஈயச் செம்பு என்பது வெள்ளீயத்தைத் தட்டிச் செய்யும் ரசப் பாத்திரம். தாமிரத்திலும் பித்தளையிலும் பூச்சில்லாமல் புளியைக் கொதிக்கவிட்டால் களிம்பு ஏறும். வெள்ளீயத்தைப் புளி ஒன்றும் செய்யாது. ஆனால் அதை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் உருகி வழிந்துவிடும், உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அதிவீரகண்டனின் அரண்மனையிலும் அரச குடும்பத்துக்கென்று சில ஈயச் செம்புகள் இருந்தன. நல்ல பாத்திரங்கள்தான். ஆனால் விருந்தாளிகளுக்கெல்லாம் அண்டாவிலிருந்து அகப்பையால்தான் ஊற்றுவார்கள்.

“அகப்பையாலா!” என்று பொருமினார் ராஜா. “என் பிறந்தநாள் விருந்துக்குள் இலைக்கு ஒரு ஈயச் செம்பு வந்தாக வேண்டும். எல்லாம் புத்தம் புதிது. பழையது ஒன்றுகூட என் கண்ணில் படக்கூடாது.”

உக்கிராண அதிகாரி மங்கலராயர் தரையில் நெற்றி படக் கும்பிட்டு, “உத்தரவு, மகாராஜா” என்றார். அரண்மனைப் பண்டசாலை முழுவதும் அவர் பொறுப்பு. முடியாது என்ற சொல்லை அவர் வாழ்நாளில் ராஜாவிடம் சொன்னதில்லை. அதனால்தான் அவ்வளவு உயரத்துக்கு வந்தார்.

ஆனால் வெள்ளீயம் கீழ்க்கடல் தாண்டிக் கப்பலில் வரவேண்டிய பொருள். அப்போதோ புயற்காலம், ஒரு கப்பலும் வரவில்லை. பண்டசாலையின் மூலையில் வேறொரு ஈயம் மட்டும் குவியலாகக் கிடந்தது. காரீயம். வலைக்குக் குண்டு கட்டவும் கல்தூண் இடுக்கில் காய்ச்சி ஊற்றவும் வைத்திருந்தது. மங்கலராயர் அதைப் பார்த்தார். ராஜா கேட்டது ஈயம். இதுவும் ஈயம். பெயரில் பாதி சரியாக இருந்தால் ராயருக்குப் போதும்.

புதிய செம்புகள் வந்திறங்கின. பழைய வெள்ளீயச் செம்புகளை ராஜா கண்ணில் படாதபடி பண்டசாலையில் போட்டுப் பூட்டினார்கள்.

மடைப்பள்ளியின் தலைமைச் சமையல்காரி உண்ணாமுலை புதிய செம்பு ஒன்றைக் கையில் எடுத்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

“என்னங்க ராயரே, இது இந்தக் கனம் கனக்குது? தேச்சா கையெல்லாம் கருப்பாவுது. இதுல நான் ரசம் வைக்க மாட்டேன்.”

“தேய்க்கத் தெரியாதவள் பாத்திரத்தைக் குறை சொல்லாதே. இது அரச கட்டளை” என்றார் ராயர்.

“கட்டளை போட்டா ஈயம் வெளுத்துருமா?”

“வெளுக்கிறதோ இல்லையோ, உன் முதுகுத்தோல் உரியும்.”

அவள் ஒருத்தியாக எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பாள்? காவலர்கள் கூடவே நின்று அந்தச் செம்பிலேயே ரசம் வைக்கச் செய்தார்கள். விருந்து அமர்க்களமாக நடந்தது. ரசத்தில் லேசான தித்திப்பு இருந்ததாக ராஜாவே சிலாகித்தார். “இனி தினமும் எனக்கு இதில்தான் ரசம்” என்று உத்தரவும் போட்டார். புளிரசம் ஏன் தித்திக்க வேண்டும் என்று அந்தப் பந்தியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரே ஒருவனுக்குத் தோன்றியது. அவன்தான் விகடகவி அம்பலக்கூத்தன். ராஜாவுக்குப் பக்கத்து இலை அவனுடையது. ராஜா சிரிப்பதும் அவனிடம்தான், யோசனை கேட்பதும் அவனிடம்தான். மங்கலராயருக்கு இரவும் பகலும் வயிறு எரிந்ததற்கு அதுதான் காரணம். அம்பலக்கூத்தன் ரசப்பிரியன். மடைப்பள்ளியில் உட்கார்ந்து உண்ணாமுலையோடு வாயாடி, பழைய செம்புகளைத் தட்டியும் அழுத்தியும் விளையாடுவது அவன் பொழுதுபோக்கு. புதுச்செம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அன்றோடு அரண்மனை ரசத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் முதல் அவன் தன் வீட்டு மண்சட்டியோடு பந்திக்கு வந்தான். ராஜாவின் பக்கத்திலேயே சம்மணமிட்டு, சட்டியிலிருந்து சொந்த ரசத்தை ஊற்றிக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சினான்.

“அம்பலக்கூத்தா, இது என்ன அவமரியாதை? என் ரசத்துக்கு என்ன குறை?” என்று கேட்டார் ராஜா.

“ரசத்துக்கு ஒரு குறையும் இல்லை, அரசே. அது குடியிருக்கும் வீடுதான் சரியில்லை. தாங்களும் குடிக்க வேண்டாம்.”

“வெள்ளிபோலத் துலங்கும் செம்பை விட்டு மண்சட்டியில் குடிக்கச் சொல்கிறாயா?”

“மண்சட்டி துலங்காதுதான். வயிற்றுக்குள்ளும் வராது.”

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராயர் மீசைக்குள் சிரித்தார். அம்பலக்கூத்தன் மறுநாளும் சட்டியோடு வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். தூக்கிப் போடு என்று காவலன் அதட்டியபோது சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “இப்போது இது கிரீடம், தொட்டுப் பார்” என்றான். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

நாள் ஆக ஆக ராஜாவுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் வலி. முகம் வெளிறிவிட்டது. வாளைப் பிடித்தால் மணிக்கட்டு துவண்டது. வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு, “உணவு வழியாக ஏதோ விஷம் சேர்ந்திருக்கிறது” என்றார்.

அது தன் செம்பின் வேலை என்று மங்கலராயருக்குப் புரிந்துவிட்டது. மறுகணமே அவருடைய மூளை வேலை செய்தது.

“மகாராஜா, சமைத்தவள் யார்? உண்ணாமுலை. அந்த ரசத்தைத் தொடாமல் தப்பித்தவன் யார்? அம்பலக்கூத்தன். விஷம் இருப்பது தெரியாமலா வீட்டிலிருந்து சட்டி கொண்டுவந்தான்? இருவரும் கூட்டு.”

சபையில் பொறாமைக்காரர்களுக்கா பஞ்சம்? ஆமாம் ஆமாம் என்று ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். உண்ணாமுலையை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

“நான் எதையும் கலக்கல. அந்தச் செம்புதான் கலக்குது. வேணாம் வேணாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்” என்றாள் அவள்.

“அரசே, அவள் சொல்வது உண்மை. குற்றவாளி பாத்திரம்” என்றான் அம்பலக்கூத்தன்.

வலியில் இருந்த ராஜாவுக்குப் பொறுமை ஏது? “பாத்திரமா? அப்படியானால் பாத்திரமே நாளை சபைக்கு வந்து வாயைத் திறந்து சாட்சி சொல்லட்டும்! சொன்னால் இருவரும் பிழைப்பீர்கள். சொல்லாவிட்டால் உங்கள் இருவர் தலையையும் யானைக் காலில் வைப்பேன்.”

“அப்படியே ஆகட்டும், அரசே. ஒரு சாட்சி மடைப்பள்ளியில் இருக்கிறது. இன்னொரு சாட்சியை மங்கலராயர் பண்டசாலையில் சிறைவைத்திருக்கிறார், விடுவிக்க உத்தரவு வேண்டும்” என்றான் அம்பலக்கூத்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜா எரிச்சலோடு கையை அசைத்துச் சம்மதித்தார்.

காவலுக்கு நடுவே போகும்போது உண்ணாமுலை அவன் பக்கம் திரும்பி, “ஏன்யா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? செம்பு எங்கேயாச்சும் பேசுமா?” என்று கேட்டாள். வீட்டில் அவள் கை சோற்றை நம்பி மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

“நீ பேசாமல் இரு, அது பேசும்” என்றான் அவன். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை.

மறுநாள் சபையில் எள் விழ இடமில்லை. நடுவில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் பழைய செம்பு ஒன்றும் புதிய செம்பு ஒன்றும் வைத்திருந்தார்கள்.

“மகாராஜா, இது கேலிக்கூத்து. வாயில்லாத பொருள் எப்படிச் சாட்சி சொல்லும்?” என்றார் மங்கலராயர்.

“வாயில்லாத செம்பா? ராயரே, இதற்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறும் உண்டு. உங்கள் உக்கிராணத்தில் வாயகன்ற செம்பு என்றுதானே பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறீர்கள்?” என்றான் அம்பலக்கூத்தன். பிறகு ராஜாவின் பக்கம் திரும்பினான். “அரசே, வயதான சாட்சி. மெல்லத்தான் பேசும். சபை மூச்சுவிடாமல் இருக்க வேண்டும், தாங்கள் காதைக் கொடுக்க வேண்டும்.”

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். அவ்வளவு பெரிய ராஜா, ஒரு ரசச் செம்பின் வாயில் காதை வைத்துக் குனிந்து நின்றார். சபை அடங்கியது. அம்பலக்கூத்தன் பழைய செம்பின் விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மெல்ல வளைத்தான்.

கிறீச்ச்.

ராஜா துள்ளி நிமிர்ந்தார். “முனகியது! என் காதால் கேட்டேன்!”

“வெள்ளீயம் அப்படித்தான், அரசே. வளைத்தால் வலிக்கிறது என்று வாய்விட்டு அழும். தாங்களே வளைத்துப் பாருங்கள்.”

ராஜா வளைத்தார். கிறீச். இன்னொரு முறை. கிறீச். ‘நான் வெள்ளீயம், நான் வெள்ளீயம்’ என்று அது சொல்வதாகவே அவருக்குப் பட்டது.

“இப்போது ராயர் கொடுத்த புதிய செம்பு.”

ராஜா அதை எடுத்து வளைத்தார். அது வெண்ணெய்போல வளைந்துகொடுத்தது. சத்தம் இல்லை. காதோடு ஒட்டவைத்து மறுபடி வளைத்தார். பேச்சுமூச்சு இல்லை.

“பார்த்தீர்களா, மகாராஜா! சாட்சி வாயைத் திறக்கவில்லை!” என்று கூவினார் ராயர்.

“ஊமைக்கு வாய் எதற்கு? எழுதிக் காட்டும்” என்ற அம்பலக்கூத்தன், புதிய செம்பைத் தூக்கி மங்கலராயரின் தும்பைப்பூ வெள்ளை அங்கவஸ்திரத்தில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தான். கரிக்கோல் போட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பழைய செம்பால் அடுத்த தோளில் இழுத்தான். அங்கே கறை இல்லை.

“வெள்ளைத் துணியில் இதை எழுதும் பாத்திரம், புளியும் சூடும் சேர்ந்தால் வயிற்றில் என்ன எழுதும் என்று தாங்களே சொல்லுங்கள். இது காரீயம், அரசே. நஞ்சு. தாங்கள் ருசித்த தித்திப்பும் இதனுடையதுதான்.”

ராஜா மங்கலராயரைப் பார்த்தார். ராயருக்கு வியர்த்துக் கொட்டியது.

“மகா… மகாராஜா, தாங்கள் கேட்டது ஈயம். காரீயமும் ஈயம்தானே?”

“பிள்ளைக்குப் பால் கேட்டவளுக்குக் கள்ளிப்பாலைக் கொடுத்துவிட்டு, அதுவும் பால்தானே என்பீர் போலிருக்கிறது” என்றான் அம்பலக்கூத்தன். “ஒன்றும் தெரியாமல் செய்தவர், பிறந்தநாள் விருந்தில் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தது ஏன்? அரசருக்குப் பக்கத்து இலையிலிருந்து நான் பார்த்தேன்.”

கப்பல் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லப் பயந்தவர், ராஜாவுக்கே விஷம் வைத்துவிட்டு நின்றார்.

ராஜாவின் கண் சிவந்தது. “அந்த ஊமைச் செம்பிலேயே ரசம் வைத்து இவனுக்கு ஊற்றுங்கள்! என் வயிறு பட்ட பாட்டை இவன் வயிறும் படட்டும். உண்ணாமுலை, போ, அடுப்பை மூட்டு!”

சபை ஆரவாரித்தது. நேற்று ராயருக்குத் தலையாட்டிய அதே தலைகள்தான் இன்று இதற்கும் ஆடின. உண்ணாமுலை மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“வைக்க மாட்டேன்.”

“என்ன சொன்னாய்?”

“வைக்க மாட்டேனுங்க மகாராசா. இதுல ரசம் வச்சு இவருக்கு ஊத்தினா, நேத்து இவர் என்மேல போட்ட பழி இன்னைக்கு நெசமாயிரும். விஷம்னு தெரியாதப்பவே நான் முடியாதுன்னேன். தெரிஞ்சப்புறம் வைப்பேனா? யானையைக் கூப்பிடறதா இருந்தா கூப்பிட்டுக்கோங்க.”

இப்போது செம்பை வளைத்திருந்தால் கடைக்கோடி வரிசைக்கும் கேட்டிருக்கும். அம்பலக்கூத்தன் மெல்ல நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சொல்ல வேண்டியதை அவள் சொல்லி முடித்திருந்தாள்.

ராஜா அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வளைந்துபோன செம்பையும் பார்த்தார். அவர் தொந்தி குலுங்கத் தொடங்கியது. கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு!

“என்னை எதிர்த்துப் பேச இந்த அரண்மனையில் ஒருத்தன் இருப்பதே அதிகம் என்று நினைத்திருந்தேன். ஒருத்தியும் இருக்கிறாளா! நீங்கள் இருவரும் இல்லாமல் போயிருந்தால் நான் புகழ்ச்சியைக் குடித்தே செத்திருப்பேன்.”

மங்கலராயரின் பதவி அன்றே பறிபோனது. அந்தச் செம்புகள் அத்தனையையும் அவரே தலையில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுபோய், வலைக்குண்டு வார்க்கிற பரதவர்களிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அம்பலக்கூத்தனுக்குப் பட்டுச் சால்வையும் ஒரு கிராமமும் கிடைத்தன. உண்ணாமுலை வேண்டாம் என்று தள்ளிய பாத்திரம், ராஜாவே கொடுத்தாலும் மடைப்பள்ளி வாசற்படி ஏறக்கூடாது என்று சட்டமும் வந்தது.

ராஜா தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி, “இந்தா, உனக்கு” என்று அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பை வளைத்துப் பார்த்ததில் விரலெல்லாம் கறுப்பு அப்பியிருந்தது.

“காப்பு கெடக்கட்டும் மகாராசா. மொதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தபடியே கை கழுவப் போனார்.