கள்ளுக்கு வைத்த பூட்டு

"என் பூட்டை ஒரு பிள்ளை உடைச்சுட்டா டீச்சர்."

வேலாயுதம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்.

அவர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். அவர் டீச்சர் என்று அழைத்த ரெஜினா அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். நெட்வொர்க் வேலையை ரெஜினாவின் மாலை வகுப்பில்தான் அவர் கற்றுக்கொண்டார். தலை நரைத்த மனுஷன் ஒரு சின்னப் பெண்ணைக் குரு என்று கொண்டாடுகிறாரே என்று ஊரில் கேலி பேசினார்கள். அதைக் கேட்க அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரெஜினா நாற்காலியைக் காட்டினார்.

விஷயம் இதுதான். பள்ளி லேபில் பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக் கூடாதென்று, ஆகாத சொற்களை வேலாயுதமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடையில் ஏற்றியிருந்தார். அந்தச் சொல் இருக்கிற பக்கம் திறக்காது. நிர்வாகத்தார் வந்து பார்த்துச் சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள்.

பிளஸ் டூ படிக்கும் எசக்கியம்மாள் அந்தத் தடையைத் தாண்டிவிட்டாள். எங்கோ இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். தான் போனது போதாதென்று வகுப்புக்கே வழி காட்டிவிட்டாள்.

நாளைக் காலை அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதாக முடிவு. பரீட்சை நெருங்கிவிட்டது. இனி எந்தப் பள்ளியும் சேர்க்காது. படிப்பு அதோடு சரி.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா பூட்டுன்னா பூட்டுதானே டீச்சர். அவளால உடைக்க முடியாத மாதிரி ஒண்ணு சொல்லித் தாங்க."

"தாண்டிப் போய் என்ன பார்த்தா?"

வேலாயுதம் விழித்தார். தாண்டியதே போதாதா, அதற்கு மேல் என்ன பார்ப்பது என்றார்.

"அவகிட்ட கேட்டீங்களா சார்?"

"கெமிஸ்ட்ரி படிச்சேன்னு சொன்னா. அமிலங்களாம். மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்லுறதுதானே."

தமிழில் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்று பிள்ளைகள் முன்பே புலம்பியதையும் சொன்னார். இங்கிலீஷில் எல்லாம் நன்றாகத் திறக்கிறதே, அதைப் படிக்க என்ன வலிக்கிறது என்று சத்தம் போட்டு அனுப்பியிருக்கிறார்.

"நீங்க நடத்துறது தமிழ் மீடியம்தானே?"

"ஆமா."

ரெஜினா, அவர் கொண்டுவந்திருந்த பள்ளி லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். அதிலும் அதே தடைதான் இருந்தது.

"யாருக்காக சார் இந்தப் பூட்டு?"

"மாணவிகளுக்காகத்தான்."

"அந்தச் சொல்லைத் தமிழ்ல அடிங்க. மாணவிகள்."

அடித்தார். திரை சிவந்தது.

தடைசெய்யப்பட்ட சொல்: கள். வகை: போதைப் பொருள்.

வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாராயம், பிராந்தி, கஞ்சா என்று ஏற்றிக்கொண்டே வந்தபோது கள்ளையும் மறக்காமல் ஏற்றியது அவர்தான். எதையும் விட்டுவிடவில்லை என்று அன்றைக்கு அத்தனை பெருமை அவருக்கு.

"இன்னும் அடிங்க," என்றார் ரெஜினா.

ஆசிரியர்கள் என்று அடித்தார். சிவப்பு. பாடங்கள். சிவப்பு. கேள்விகள், விடைகள், இரண்டும் சிவப்பு.

அமிலங்கள் என்று அடித்தார்.

திரை சிவந்தபோது அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருமையில் எழுதிய தமிழ் மட்டும்தான் அவர் லேபுக்குள் வர முடியும். அப்படி ஒரு பக்கத்தை இந்த உலகத்தில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்போனை எடுத்துத் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். டி.சி. எழுத வேண்டாம், தப்பு அந்தப் பிள்ளைமேல் இல்லை, என்மேல்தான், காலையில் நிர்வாகத்தார் முன்னாலேயே சொல்கிறேன் என்றார். அந்தப் பக்கம் கொஞ்சம் கோபமாகப் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது. சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் மேடம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது யாரு சார்?"

"நான்தான்," என்றார், தரையைப் பார்த்து.

ரெஜினா அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

வேலாயுதம் நிமிர்ந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான் டீச்சர்."