ஆல்ரைட்டால் ஓடிய தேர்

கீழப்பாறை ராஜா குமாரவீரப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமா என்ன! விடிந்தால் தேரோட்டம். தேர் ஓடக்கூடாது என்று கலெக்டர் துரை உத்தரவு போட்டுவிட்டார். போன வாரம் கொடியேற்றத்தில் கொட்டுச் சத்தத்துக்கு மிரண்ட குதிரை, துரையைச் சேற்றில் தள்ளிவிட்டதாம். குதிரை செய்த தப்புக்குச் சாமிக்கா தண்டனை?

பட்டணத்தில் இங்கிலீஷ் படித்த மாசிலாமணியைத் துரையிடம் தூது அனுப்பினார் ராஜா. போன வேகத்தில் திரும்பி வந்தார் அவர்.

"துரை முடியாதென்கிறார், மகாராஜா."

"நீர் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பதுதானே?"

"கேட்டேன். அதற்கும் முடியாதென்கிறார்."

சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தார். ராஜாவுக்குச் செல்லமான ஆவுடையப்பர். அவர் வாயில் வரும் இங்கிலீஷ் ஒரே வார்த்தை: ஆல்ரைட். எப்போதோ ஒரு துரையின் கூடாரத்தில் சில நாள் இருந்தாராம். டீ ருசித்தால் அந்தத் துரை 'ஆல்ரைட்' என்பார். யாராவது தடுக்கி விழுந்தால் 'ஆல்ரைட்?' என்பார். சமையல்காரனைத் திட்டி அலுத்துப்போனாலும் ஆல்ரைட், கூடாரத்தைக் கிளப்பு என்பதற்கும் ஆல்ரைட். 'இத்தனைக்கும் ஒரு வார்த்தை போதுமென்றால், மிச்சத்தைப் படித்து எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது?' என்று ஆவுடையப்பர் அதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் பெண்டாட்டி திட்டினாலும் அவர் பதில் ஆல்ரைட்தான்.

ராஜாவின் செல்லத்தைக் கண்டு புகைந்துகொண்டிருந்த மாசிலாமணிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"ஆவுடையப்பரை அனுப்பலாமே, மகாராஜா! பெரிய இங்கிலீஷ்காரர் ஆயிற்றே!"

"சரி. ஓய் ஆவுடையப்பரே, நீர் போம். நாளைக்குத் தேர் ஓடாவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் எல்லையைத் தாண்டிவிடும்!"

ஆவுடையப்பர் கும்பிட்டுவிட்டு, "ஆல்ரைட், மகாராஜா" என்றார்.

மறுநாள் காலை. தேரடியில் ஊரே திரண்டு நின்றது. ராஜாவும் வந்துவிட்டார். துரை தங்கியிருந்த பங்களா எதிரேயே இருந்தது. ஆவுடையப்பர் உள்ளே நுழைவதை ராஜா எட்டிப் பார்த்தார்.

வராந்தாவில் துரை கோபத்தில் குதிகுதியென்று குதித்தார். ஆவுடையப்பர் அவர் இடுப்பைத் தொட்டு, "ஆல்ரைட்?" என்றார், பெற்ற தாய் மாதிரி. துரை அசந்துபோனார். விழுந்ததைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது, பாவம்! வலித்த இடத்தையெல்லாம் தொட்டுக் காட்டினார். "ஆல்ரைட்... ஆல்ரைட்..." என்று முதுகைத் தடவிக்கொடுத்தார் ஆவுடையப்பர். அப்படியே கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். துரை கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டுச் சத்தத்தில் ராஜாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கீழப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வடம் பிடிக்கிறவருக்குப் பரிவட்டம் கட்டி மாலை போடுவார்கள். அவர் இழுத்துத் தேர் அசைந்துவிட்டால், திரும்ப நிலைக்கு வரும்வரை நிறுத்தக்கூடாது. ராஜாவே சொன்னாலும் நிற்காது.

துரை தலையில் பரிவட்டம் ஏறியது. கழுத்தில் மாலை விழுந்தது. ஆவுடையப்பர் வடத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். ஜனங்கள் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார்:

"ஆல்ரைட்!"

அடேயப்பா! மொத்த ஊரும் இழுத்த இழுப்பில் தேர் கிளம்பியது. நடுவில் மாட்டிக்கொண்ட துரையும் ஓடினார். முதல் தெருவில் முறைத்தார். அடுத்த தெருவில் சிரித்தார். தேர் நிலைக்கு வந்தபோது, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆல்ரைட்!" என்று அவரே கூவினார்.

ராஜா ஓடிவந்து ஆவுடையப்பரைக் கட்டிக்கொண்டார். "ஓய்! மாசிலாமணியிடம் முடியாதென்ற மனுஷனை என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்?"

"சம்மதமா? நான் எங்கே கண்டேன், மகாராஜா? வராந்தாவிலிருந்து வடம்வரைக்கும் 'நோ, நோ' என்று என்னவோ சொல்லிக்கொண்டேதான் வந்தார். எனக்குத்தான் அந்த வார்த்தை தெரியாதே!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி ஆவுடையப்பர் விரலில் போட்டார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"மாசிலாமணி! தப்பித்தவறிகூட இவருக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்!"